பழைய வேன் எப்போது கொதிக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம். அக்னி நட்சத்திர வெயிலில், கல்யாணக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போகும் பழைய வேன் ஓரங்கட்டி, புகை கக்கி நிற்பது நம் வேலூர்ப் பக்கம் அடிக்கடி காணும் காட்சி. வண்டி எப்போது கொதிக்கிறது என்று கவனித்தாலே பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும்.

கிரீன் சர்க்கிள் நெரிசலில் ஊர்ந்தால் சூடு காட்டும் முள் ஏறுகிறது, நெடுஞ்சாலையில் ஓடினால் இறங்குகிறது என்றால் முதலில் ஃபேனைப் பாருங்கள். பெல்ட்டில் ஓடும் ஃபேனாக இருந்தால், இன்ஜினை நிறுத்திவிட்டு பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்துங்கள். சுமார் 10 மில்லிமீட்டர் அமுங்கலாம், அதற்கு மேல் தொளதொளவென்றிருந்தால் பெல்ட் வழுக்கும். மோட்டார் ஃபேன் என்றால் அதன் ஒயரை நேராக பேட்டரியில் கொடுத்துப் பாருங்கள். ஓடினால் மோட்டார் நல்லது. கோளாறு ஃபியூஸ், ரிலே, ஃபேன் சுவிட்ச் இந்த மூன்றில் ஒன்று.

ஊருக்குள் ஒழுங்காக ஓடி, ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவு ஏறும்போதோ பெங்களூரு ரோட்டில் வேகமெடுக்கும்போதோ கொதித்தால், தண்ணீர் ஓட்டம் போதவில்லை என்று பொருள். நம் ஊரில் இதற்குப் பெரும்பாலும் போர் தண்ணீர்தான் காரணம். உப்புத் தண்ணீர் கொதிக்கும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதே காரைதான் இன்ஜின் தண்ணீரை ஆறவைக்கும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கிறது. வழியில் வேறு கதியில்லை என்றால் ஊற்றலாம், ஊர் வந்ததும் வடித்துவிடுங்கள். அதற்குப் பதில் ஊற்ற வேண்டியது, செறிவான கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி. மொத்தம் 6 லிட்டர் பிடித்தால் மும்மூன்று லிட்டர். கலந்தே விற்கும் கூலன்ட்டில் தண்ணீர் சேர்க்க வேண்டாம்.

இன்ஜின் சூடேறியதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வுதான் தெர்மோஸ்டாட். சிலர் அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் பைபாஸ் என்னும் குறுக்கு வழி திறந்தே கிடக்கும். தண்ணீர் ரேடியேட்டருக்கு வராமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும், சூடு கூடத்தான் செய்யும். தெர்மோஸ்டாட் மேல் சந்தேகம் இருந்தால் அதை நூலில் கட்டி, பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். அதில் 82 என்று அச்சிட்டிருந்தால் 82 டிகிரி சூட்டை ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதித்தும் திறக்காதது பழுது.

ரேடியேட்டர் மூடியை யாரும் மதிப்பதில்லை. 0.9 என்று அழுத்த அளவு போட்ட மூடி, உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைத்து, வெறும் தண்ணீரைக்கூட ஏறத்தாழ 118 டிகிரி வரை கொதிக்கவிடாது. ரப்பர் வெடித்துவிட்டால் 100 டிகிரியிலேயே பொங்கும். மூடி மாற்ற ஆகும் செலவு சொற்பம்.

கொதித்த வண்டியின் மூடியை உடனே திறந்தால் ஆவி முகத்தில் அடிக்கும். ஏசியை அணைத்து, இன்ஜினை நிறுத்தி, அரை மணி நேரமாவது ஆறவிட்டு, கெட்டித் துணி போட்டு மெல்லத் திருகுங்கள். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் (இன்ஜினின் மேல்பாகம்) விரிசல் விடக்கூடும்.

இத்தனையும் சரியாக இருந்தும் கொதித்தால், காலையில் ஆறிய வண்டியின் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். தொடக்கத்தில் வரும் ஓரிரு குமிழி வெறும் காற்று. அடங்காமல் குமிழி வந்துகொண்டே இருந்தாலோ, ஆயில் அளவு பார்க்கும் கம்பியில் பால் டீ நிறம் தெரிந்தாலோ, பெரும்பாலும் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் என்னும் அடைப்புத் தகடு போய்விட்டது. அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், கட்டி இழுத்துத்தான் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும்.