மூன்றாம் ஆண்டிலேயே தொடங்குங்கள்

நேயர்களுக்கு வணக்கம். முனைவர் பட்ட ஆய்வில் இருப்பவர்களும், பட்டம் வாங்கி போஸ்ட்டாக், அதாவது பட்டத்துக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணி, செய்துகொண்டிருப்பவர்களும் அடுத்த வேலைக்கு எப்படித் தயாராவது என்று பேச அழைத்திருக்கிறார்கள். ஆய்வு மாணவர்களுக்கு வேலை வழிகாட்டுவதுதான் என் பணி. எந்தத் துறையிலிருந்து வந்தாலும் பெரும்பாலானவர்கள் என்னிடம் ஒரே கட்டத்தில்தான் வருகிறார்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு, உதவித்தொகையும் நின்றுபோய், "மேடம், இனி என்ன செய்வது?" என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வியை மூன்றாம் ஆண்டிலேயே கேளுங்கள் என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது. ஏன் என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை பெற்றவருக்கு முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அடுத்த மூன்று ஆண்டு 42,000 ரூபாய் என்று 2023 ஜனவரி முதல் கணக்கிட்டுத் தருகிறார்கள். ஐந்து ஆண்டோடு பணம் முடிந்தது. ஆனால் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிப்படி பி.எச்.டி.க்கு ஆறு ஆண்டு அவகாசம் உண்டு. மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு ஆண்டு. சினாப்சிஸ் என்ற ஆய்வுச் சுருக்கத்தைக் கொடுத்து, ஆய்வேடு சமர்ப்பித்து, வெளித் தேர்வாளர்களின் அறிக்கை வந்து, வாய்மொழித் தேர்வு முடிவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். இந்த இடைவெளியில் வீட்டு வாடகை நிற்காது. தங்கைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கலாம். அப்போது எந்த வேலை முதலில் கண்ணில் படுகிறதோ அதில் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவே முடியாது. அந்த இடைவெளி வரும் என்பதை இரண்டு ஆண்டு முன்னால் அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை என்பதுதான் என் வருத்தம்.

அடுத்தது வயது. இளம் ஆய்வாளர்களுக்கு மத்திய அரசு தரும் இன்ஸ்பயர் ஃபேகல்ட்டி ஃபெல்லோஷிப் என்ற உதவித்தொகைக்குப் பொதுப் பிரிவில் உச்ச வயது 32. மத்திய அரசின் சி.எஸ்.ஐ.ஆர். அறிவியல் ஆய்வகங்களில் சயின்டிஸ்ட் பதவிக்கும் வழக்கமாக 32. தேசிய போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப்புக்கு 35. இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் பெண்களுக்கும் தளர்வு உண்டு. எந்தத் திட்டத்தில் யாருக்கு எத்தனை ஆண்டு என்பது மாறும், அறிவிக்கையைப் படித்தே ஆக வேண்டும். எம்.எஸ்ஸி. முடித்து, நெட்டுக்காக ஓரிரு ஆண்டு படித்து, 25 வயதில் ஆய்வில் சேர்ந்தவர் வாய்மொழித் தேர்வு முடிக்கும்போது 31ஐத் தொட்டிருப்பார். 32 என்ற எல்லைக்கு அவரிடம் ஓர் ஆண்டுதான் மிச்சம்.

அதனால் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் வேலை இதுதான். ஒரு தாளை எடுங்கள். மேலே பிறந்த தேதி. அதன்கீழ் ஆய்வில் சேர்ந்த தேதி, உதவித்தொகை நிற்கும் மாதம், சினாப்சிஸ் கொடுக்க நினைத்திருக்கும் மாதம். பிறகு நீங்கள் விண்ணப்பிக்க விரும்பும் ஒவ்வொரு ஃபெல்லோஷிப்புக்கும் பதவிக்கும் எந்தத் தேதியில் உங்களுக்குக் கதவு மூடுகிறது என்று எழுதுங்கள். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அந்தத் தாளைப் பார்த்த பிறகு பலரும் சினாப்சிஸ் மாதத்தை முன்னுக்கு இழுத்துவிடுகிறார்கள்.

தேசிய போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப்புக்கு ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டுப் பட்டத்துக்குக் காத்திருப்பவர்களும் விண்ணப்பித்து வந்திருக்கிறார்கள். ஆனால் அதை ஒருவர் வாழ்நாளில் ஒருமுறைதான் பெற முடியும். ஆகவே இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக ஓர் ஆய்வகத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அங்கே முன்பு இருந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுச் சேருங்கள்.

சரி, கல்லூரி ஆசிரியர் வேலைக்கு வருவோம். நம் ஊரில் பி.எச்.டி. என்றாலே உதவிப் பேராசிரியர் பணிதான் எல்லோர் மனதிலும். நல்ல வேலை, மரியாதையான வேலை. ஆனால் நடப்பையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டு அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு 2013இல் 1,093 பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தது. 2019இல் 2,331 இடங்களுக்கு அறிவிப்பு வந்து, அது நிறைவேறவில்லை. 2024 மார்ச்சில் 4,000 இடங்கள் என்றார்கள். ஆகஸ்டில் நடக்க வேண்டிய தேர்வு தள்ளிவைக்கப்பட்டது. இதையே நம்பிக் காத்திருந்தவர்களின் பத்து ஆண்டு எங்கே போனது? 2023 ஜூலை முதல் உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட், மாநில அளவிலான செட் போன்ற தகுதித் தேர்வே குறைந்தபட்சத் தகுதி என்று மானியக் குழு மாற்றிவிட்டது. பி.எச்.டி. கட்டாயம் இல்லை. முதுகலை முடித்து நெட் எழுதிய 24 வயதுக்காரரும் உங்களோடு அதே வரிசையில் நிற்கிறார். அந்தத் தேர்வுகளை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவற்றுக்குப் படித்துக்கொண்டே இன்னொரு பக்கமும் தேடுங்கள்.

இன்னொரு பக்கம் எங்கே இருக்கிறது? சென்னை கிண்டியில் காப்புரிமை அலுவலகம் இருக்கிறது. நாட்டில் உள்ள நான்கு காப்புரிமை அலுவலகங்களில் ஒன்று. அந்தச் சாலை வழியாக நூறு முறை பேருந்தில் போயிருப்பீர்கள். அறிவியல் ஆய்வு மாணவர் ஒருவருக்கு அங்கே இரண்டு வழி உண்டு. ஒன்று, காப்புரிமை விண்ணப்பங்களை ஆராயும் காப்புரிமைத் தேர்வாளர் என்ற மத்திய அரசுப் பணி. 2023இல் 553 இடங்களுக்கு ஆள் எடுத்தார்கள். பொதுப் பிரிவில் வயது எல்லை 35. இன்னொன்று, கண்டுபிடித்தவர்களுக்காக அந்த விண்ணப்பங்களைத் தயாரித்துத் தரும் காப்புரிமை முகவராகப் பதிவு செய்துகொள்வது. அதற்கு ஒரு தேர்வு உண்டு: தலா 100 மதிப்பெண்ணுக்கு இரண்டு தாள், 50 மதிப்பெண்ணுக்கு நேர்முகம். ஒவ்வொன்றிலும் பாதி, மொத்தத்தில் 60 விழுக்காடு எடுக்க வேண்டும். தேர்வு எழுத அறிவியல் அல்லது பொறியியல் இளநிலைப் பட்டமே போதும். ஆனால் வேதியியலிலோ உயிரித்தொழில்நுட்பத்திலோ ஐந்து ஆண்டு ஆழ்ந்து உழைத்தவருக்கு, ஒரு கண்டுபிடிப்பில் எது புதிது, எது முன்பே தெரிந்தது என்று பார்க்கும் கண் ஏற்கெனவே பழகியிருக்கும். முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து நீங்கள் ஆய்வேட்டின் இரண்டாம் இயலில் செய்ததும் அதுதானே?

தமிழ், மொழியியல், வரலாறு படித்தவர்கள் இதையெல்லாம் கேட்டுவிட்டு "எங்களுக்கு என்ன?" என்று கேட்பார்கள். செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம், தமிழ் இணையக் கல்விக்கழகம், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் என்று உங்களுக்குத் தெரிந்த பெயர்கள் இருக்கின்றன. தெரியாத பக்கத்தைச் சொல்கிறேன். கணினிக்குத் தமிழ் கற்பிக்கும் வேலை இப்போது பெரிதாக நடக்கிறது. மத்திய அரசின் பாஷினி திட்டம், சென்னை ஐ.ஐ.டி.யின் ஏ.ஐ.ஃபார்பாரத் குழு போன்றவற்றில் மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கவும், பேச்சுப் பதிவுகளை எழுத்தாக்கவும், வட்டார வழக்கைப் பிரித்தறியவும் மொழி தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள். தொல்காப்பிய எழுத்ததிகாரத்தைப் பாடமாக முழுதாகப் படித்தவர் ஒலியன்களைப் பற்றிப் பொறியாளரோடு உட்கார்ந்து பேசலாம். கொஞ்சம் பைத்தான் நிரல் கற்றுக்கொண்டால் அந்தப் பேச்சு இன்னும் நன்றாக நடக்கும். இதற்கு நாள் ஒன்றுக்கு அரை மணி நேரம் ஒதுக்கினால், இரண்டாம் ஆண்டில் தொடங்குகிறவர் நான்காம் ஆண்டில் தேறியிருப்பார்.

இப்போது பயோடேட்டா. இதில் கொஞ்சம் நிதானமாகப் பேசப்போகிறேன், ஏனென்றால் நல்ல மாணவர்கள் இங்கேதான் தோற்கிறார்கள். அண்மையில் ஒரு மாணவர் தன்னுடையதைக் கொண்டுவந்தார். ஐந்து பக்கம். முதல் பக்கத்தில் தந்தை பெயர், மதம், திருமணம் ஆகவில்லை, நிலையான முகவரி, தற்காலிக முகவரி. அப்புறம் குறிக்கோள்: "சவாலான சூழலில் என் திறமையை வெளிப்படுத்த விரும்புகிறேன்." பத்தாம் வகுப்பு மதிப்பெண். கலந்துகொண்ட பயிலரங்குகள் மட்டும் ஒன்றரைப் பக்கம். கடைசியில், மேற்கண்ட விவரங்கள் உண்மையென உறுதியளிக்கிறேன் என்று கையெழுத்து. நான்கு ஆண்டு அவர் என்ன செய்தார் என்பது மூன்றாம் பக்க நடுவில் ஆய்வேட்டுத் தலைப்பாக, ஒரே வரியில் இருந்தது.

"காலையில லேபுக்குப் போனதும் என்னப்பா பண்ணுவே?" என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொல்லத் தொடங்கினார். கலவையில் உள்ள வேதிப்பொருள்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவி அவர் பொறுப்பில் இருந்தது. மூலிகைச் சாற்றில் உள்ள சேர்மங்களைப் பிரிக்க அவரே ஒரு முறையை உருவாக்கியிருந்தார். ஜூனியர்கள் மூன்று பேருக்குக் கருவியை ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தார். கருவி நின்றுபோனால் கம்பெனி எஞ்சினியரிடம் பேசுவதும், மூன்று கொட்டேஷன் வாங்கிக் கொள்முதல் கோப்பை நகர்த்துவதும் அவர்தான். "இதெல்லாம் போடலாமா மேடம்?" என்றார். இதைத்தானப்பா போட வேண்டும்! ஒரு மருந்து நிறுவனத்தின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு தேடுவது இந்த ஆளைத்தான். இரண்டு பக்கத்தில் அதை எழுதினோம். முதல் வரியே, மூலிகைச் சாறுகளுக்கு எச்.பி.எல்.சி. முறை உருவாக்கிச் சரிபார்த்தேன் என்று தொடங்கியது. சாதி, மதம், திருமணம் எதுவும் இல்லை. ஐந்து பக்கத்தைத் தூக்கிப் போட வேண்டாம். அரசுப் பணி விண்ணப்பப் படிவங்கள் அந்த விவரங்களையெல்லாம் கேட்கும், அப்போது உதவும்.

வெளிநாட்டில் போஸ்ட்டாக் தேடுபவர்கள் பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சலிலும் இதே கதைதான். மதிப்புக்குரிய ஐயா, உங்கள் புகழ்பெற்ற ஆய்வகத்தில் சேர ஆவலாக இருக்கிறேன் என்று ஐம்பது பேருக்கு ஒரே கடிதம் போகிறது. ஒருவரும் பதில் போடுவதில்லை. அவருடைய அண்மைக் கட்டுரைகள் இரண்டைப் படித்துவிட்டு, அதில் எந்தக் கேள்விக்கு உங்கள் கைத்திறன் உதவும் என்று நான்கே வரியில் எழுதுங்கள். எந்த ஃபெல்லோஷிப்புக்குச் சேர்ந்து விண்ணப்பிக்கலாம் என்பதையும் நீங்களே சொல்லுங்கள். ஜெர்மனியின் ஹம்போல்ட் ஃபெல்லோஷிப்பில் போஸ்ட்டாக் பிரிவுக்குப் பட்டம் பெற்று நான்கு ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் மரி கியூரி ஃபெல்லோஷிப்புக்கு வழக்கமாகச் செப்டம்பரில் கடைசி நாள் வரும். எந்த நாட்டுக்குப் போகிறீர்களோ அந்த நாட்டில் கடந்த 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது என்பது அதன் விதி. ஏற்கெனவே ஜெர்மனியில் இருப்பவர் ஜெர்மன் ஆய்வகத்துக்கே இதைக் கேட்க நினைத்தால் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்.

போய்ச் சேர்ந்த பிறகும் காலக்கெடு விடாது. ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் ஒப்பந்தப் பணிக்கு, பட்டத்துக்கு முன் ஆறு ஆண்டு, பின் ஆறு ஆண்டு என்று சட்டமே வரம்பு வைத்திருக்கிறது. அமெரிக்காவில் பல்கலைக்கழகங்கள் எச்-1பி என்ற வேலை விசாவின் ஆண்டு உச்சவரம்புக்கு வெளியே இருக்கின்றன; அங்கிருந்து தனியார் நிறுவனத்துக்கு மாற வேண்டுமானால் குலுக்கலுக்குள் போக வேண்டும். எனவே முதல் போஸ்ட்டாக்கின் ஓராண்டு முடிவில், தங்குவதா திரும்புவதா என்று வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். கணவனும் மனைவியும் இருவருமே ஆய்வாளர்கள் என்றால் இன்னும் முன்னாலேயே பேசுங்கள். இந்த மாதிரி வீடுகளில் வேலையை விட்டுவிடுவது பெரும்பாலும் மனைவிதான். எனக்கு அதில் ஒருபோதும் உடன்பாடு இல்லை.

இந்தியாவுக்குத் திரும்பி வர நினைப்பவர்களுக்கு மத்திய அரசின் ராமானுஜன், ராமலிங்கசாமி ஃபெல்லோஷிப்கள் இருக்கின்றன. உயிரியல் துறையில் இருந்தால் பெங்களூரின் இந்தியாபயோசயன்ஸ் அமைப்பு 2009 முதல் நடத்திவரும் இளம் ஆய்வாளர் கூட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். நிறுவன இயக்குநர்களும், ஆள் எடுக்க இருக்கும் துறைகளின் பேராசிரியர்களும் அங்கே ஒரே கூடத்தில் சாப்பிடுகிறார்கள். ஆறு மாத மின்னஞ்சலில் தெரிய வேண்டியது ஒரு மதிய உணவில் தெரிந்துவிடும்.

கடைசியாக, கேட்டுக்கொண்டிருக்கும் நெறியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மாணவர் நான்காம் ஆண்டில் இரண்டு மாதம் ஒரு நிறுவனத்திலோ காப்புரிமை அலுவலகம் சார்ந்த பயிற்சியிலோ இருந்துவிட்டு வருகிறேன் என்று கேட்டால், ஆய்வு கெட்டுவிடும் என்று தடுக்காதீர்கள். அவர் அனுமதி கேட்கவே பயந்துகொண்டிருக்கக்கூடும். நீங்களே அழைத்து, அடுத்து என்ன நினைத்திருக்கிறாய் என்று கேளுங்கள். மாணவர்களே, அவர் கேட்காவிட்டால், அந்தத் தேதித் தாளை எடுத்துக்கொண்டு நீங்கள் போய் உட்காருங்கள். நன்றி, வணக்கம்.