25ஆம் இலக்க பஸ்ஸும் எங்கள் கரைத் தாராவும்

வணக்கம் உறவுகளே. பின்னால் கேட்கிற இரைச்சல் கச்சான் காற்று. மைக்கில் துணி சுற்றியும் அடங்கவில்லை, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். திருகோணமலை டச் பே கடற்கரையில் ஒரு வள்ளத்தின் நிழலில் இருக்கிறேன். அந்தப் பக்கம் தெரிகிறதே, அதுதான் கோணேசர் மலை. ஒரு வருடத்துக்குப் பிறகு இந்தக் கடலைப் பார்க்கிறேன், அதனால் நடுவில் கதைப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் பார்த்தால் கோபிக்காதீர்கள்.

லண்டனில் முதுகலை முடித்துவிட்டுப் போன கிழமைதான் திருமலைக்கு வந்தேன். இந்த வருடம் போகப்போகிற தம்பி தங்கச்சிமார் நிறையப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அக்கா, அவ்வளவு பெரிய நகரத்தை எப்படிப் பழகினீர்கள்?" இன்றைக்கு அதைப் பற்றித்தான் கதைக்கப்போகிறேன்.

உண்மையைச் சொன்னால், முதல் இரண்டு மாதமும் நான் லண்டனைப் பார்க்கவே இல்லை. மேனர் பார்க்கில் ஒரு அறை, வகுப்பு, வேலை, திரும்ப அறை. மாணவர் விசாவில் படிப்பு நடக்கும் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். அதனால் மிச்சமிருக்கிற நேரத்திலும் காசுக் கணக்குத்தான் மண்டைக்குள் ஓடும். ரயில் ஸ்ட்ராட்ஃபோர்ட் தாண்டியதும் சுரங்கத்துக்குள் இறங்கிவிடும். இருட்டுக்குள் போய், ஏதோ ஒரு படியில் ஏறி, ஏதோ ஒரு தெருவில் வெளியே வருவேன். அந்தத் தெருவுக்கும் என் அறைக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று தெரியாது. எனக்கு அது பெரிய வேதனையாக இருந்தது. இங்கே உவர்மலை இறக்கத்தில் பிரேக்கை எந்த இடத்தில் பிடிக்க வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். சைக்கிளில் பழகிய ஊர் அப்படித்தான் உடம்புக்குள் இருக்கும்.

ஒரு சனிக்கிழமை தண்டவாளத்தில் திருத்த வேலை, ரயில் இல்லை. வேறு வழியில்லாமல் 25ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினேன். மேல் தட்டில் முன் கண்ணாடிக்குப் பக்கத்து இருக்கை வெறுமையாக இருந்தது, போய் இருந்துவிட்டேன். அன்றைக்குத்தான் லண்டன் எனக்கு ஆரம்பமானது.

மரக்கொப்புகள் கண்ணாடியில் உரசிக்கொண்டு போகும். ஃபாரஸ்ட் கேட், ஸ்ட்ராட்ஃபோர்ட், போ, மைல் எண்ட், வைட்சப்பல் என்று ஒவ்வொன்றாக வந்தது. நான் நிலத்துக்கு அடியில் தாண்டிப்போன இடங்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே தெருவாக நீண்டன. வைட்சப்பல் சந்தையில் ஒரு ஐயா வெண்டிக்காயின் நுனியை முறித்துப் பார்த்துப் பார்த்து எடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் அப்பாவும் அப்படித்தான் எடுப்பார். கண் கலங்கிவிட்டது.

காசு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். லண்டன் பஸ்ஸில் 2014இலிருந்து கையில் காசு வாங்குவதில்லை. அட்டையைத் தட்டிவிட்டு ஏற வேண்டும். நான் இருந்த காலத்தில் ஒரு பயணம் 1.75 பவுண், எவ்வளவு தூரம் போனாலும் அதேதான். முதல் தட்டலிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் வேறு பஸ்களில் ஏறினால் திரும்பவும் காசு கட்டத் தேவையில்லை. இது தெரிந்த பிறகு நான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு பஸ்ஸைப் பிடித்துக் கடைசித் தரிப்பு வரை போவேன். சாப்பாட்டுக்கு அறையிலிருந்து பாணும் சம்பலும். 24ஆம் இலக்க பஸ் ஹாம்ப்ஸ்டெட்டிலிருந்து கேம்டன், ட்ராஃபல்கர் சதுக்கம், பாராளுமன்றம் எல்லாம் காட்டிக்கொண்டு பிம்லிக்கோ வரை போகும். சுற்றுலா பஸ்ஸுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

பிறகு நடை. பிரிக் லேனில் ஒரு பள்ளிவாசல் இருக்கிறது. 1743இல் பிரான்சிலிருந்து மதப் பிரச்சினையால் ஓடிவந்தவர்களின் தேவாலயமாகக் கட்டியது. பிறகு மெதடிஸ்ட் சபை, பிறகு யூதர்களின் தொழுகைக்கூடம், 1976இலிருந்து வங்காள முஸ்லிம்களின் பள்ளிவாசல். சுவரின் உயரத்தில் பழைய சூரியக் கடிகாரம் இன்னும் இருக்கிறது. யாரும் அதைப் பிடுங்கி எறியவில்லை. கோயிலை இடித்த கல்லில் கோட்டை கட்டிய கதையைக் கேட்டு வளர்ந்த ஊர்க்காரி நான். 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலுக்குச் செய்தது அதுதானே. அந்தச் சூரியக் கடிகாரத்துக்குக் கீழே நான் நெடுநேரம் நின்றேன்.

கடல் இல்லாமல் இருக்க முடியாத ஆள் என்பதால் தேம்ஸ் கரையையும் விடவில்லை. லண்டன் நகரத்துக்கு நடுவிலும் அந்த ஆறு கடலோடு சேர்ந்து பெருகி வற்றும். நாளைக்கு இரண்டு தடவை, 7 மீற்றர் வரை வித்தியாசம் வரும். எங்கள் துறைமுகத்தில் பெருக்குக்கும் வற்றுக்கும் இடையில் ஒரு மீற்றர்கூட இல்லை, அதனால் முதல் தடவை பார்த்தபோது நம்ப முடியவில்லை. வாப்பிங் பக்கம் பழைய கல் படிகள் உண்டு. காலையில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த படியில் பின்னேரம் இறங்கிப்போய் ஆற்றின் படுகையிலேயே நின்றேன். காலடியில் வெள்ளைக் களிமண் சுங்கான் துண்டு ஒன்று, சுண்டு விரல் நீளம், நடுவில் ஊசித் துளை. எந்தக் காலத்து மாலுமி புகைத்துவிட்டு எறிந்தாரோ. அனுமதிப் பத்திரம் இல்லாமல் அங்கே எதையும் தேடி எடுக்கக் கூடாது. தொட்டுப் பார்க்காமலே வந்துவிட்டேன்.

சரி, இனி இந்த வீடியோவை நான் எடுப்பதற்கே காரணமான விஷயம்.

பிரிட்டிஷ் மியூசியத்துக்குள் போகக் காசு கட்டத் தேவையில்லை. வெள்ளிக்கிழமைகளில் இரவு எட்டரை வரை திறந்திருக்கும். ஒரு வெள்ளி வகுப்பு முடிந்து போனேன். 33ஆம் அறை. கண்ணாடிக்குள் தனியாக ஒரு பெண் நிற்கிறாள். தாரா, பௌத்தர்கள் கும்பிடுகிற பெண் தெய்வம். 8ஆம் நூற்றாண்டு வெண்கலம், மேலே பொன் முலாம், 143 சென்ரிமீற்றர் உயரம். உருவம் முழுவதும் மெழுகு வார்ப்பில் ஒரே வார்ப்பாக வார்த்திருக்கிறார்கள். வலது கையை வரம் தருகிற மாதிரிக் கீழே நீட்டி, உள்ளங்கையை எங்கள் பக்கம் திருப்பி வைத்திருக்கிறாள். இடது கையில் இருந்த பூ இல்லை, அதைப் பிடித்த விரல்கள் மட்டும் அப்படியே. கிரீடத்தில் கல் பதித்திருந்த குழிகள் வெறுமையாக இருக்கின்றன.

அவளைக் கண்டெடுத்தது திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையில்.

அதை வாசித்ததும் எனக்குக் கால் ஓடவில்லை. அந்த அறையில் நூறு பேர் நின்றிருப்பார்கள். அந்தக் கரை எப்படி மணக்கும் என்று தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். 1815இல் கண்டியைப் பிடித்த பிரிட்டிஷ் ஆளுநர் பிரவுன்ரிக் அவளைக் கொண்டுபோய் 1830இல் மியூசியத்துக்குக் கொடுத்திருக்கிறார். இடுப்புக்கு மேல் ஆடை இல்லாத உருவம் என்று 30 வருடமளவில் பொதுமக்களுக்குக் காட்டாமல் உள்ளே வைத்திருந்தார்களாம். கும்பிடுவதற்காகச் செய்த ஒருத்தியை! அவள் திரும்பி வர வேண்டும் என்பது என் மனதார்ந்த விருப்பம். வந்தால் கொழும்போடு நிற்காமல் கிழக்குக் கரைக்கே வர வேண்டும். இதை நான் யாரிடமும் சொல்வேன்.

அன்றிலிருந்து மாதம் ஒரு வெள்ளியாவது போவேன். பரீட்சைக்கு முன்னாலும் போனேன். சும்மா பத்து நிமிடம் முன்னால் நின்றுவிட்டு வருவேன்.

போகிற பிள்ளைகளுக்கு இரண்டு விஷயம் மட்டும். ஃபோனுக்குப் பவர் பாங்க் இல்லாமல் வெளியே போகாதீர்கள். நான் ஒரு நாள் மழையில், லூயிஷத்தில், ஃபோன் செத்துப்போய் ஒரு மணித்தியாலம் நின்றேன். பிறகுதான் பஸ் தரிப்பிலேயே வரைபடமும், அந்தத் தரிப்புக்கென்று ஒரு எழுத்தும் இருக்கிறது என்று கவனித்தேன். மற்றது, இரவில் தனியாக வந்தால் மேல் தட்டு வேண்டாம். கீழே சாரதிக்குக் கிட்ட இருங்கள்.

வரும்போது அம்மம்மாவுக்குத் தாராவின் படம் உள்ள அஞ்சலட்டை ஒன்று கொண்டுவந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கன நேரம் பார்த்தா. "இவ எங்கட பக்கத்துப் பிள்ளையோ?" என்று கேட்டா. ஓம் என்றேன். "அங்க குளிருமே" என்றா. இன்று காலையில் எழும்பிப் பார்க்கிறேன், சாமி அறையில் கோணேசர் படத்துக்குப் பக்கத்தில் அந்த அட்டை நிற்கிறது, முன்னால் ஒரு செவ்வரத்தம்பூ.