அக்கரையில் எடுத்த படம்

எல்லோருக்கும் வணக்கம். இந்தப் பனியிலும் கோத்தகிரியில் இவ்வளவு பேர் வந்திருக்கிறீர்கள், ரொம்பச் சந்தோஷம். முன்வரிசையில் எங்கள் லயத்துப் பெரியவர்கள், அதாவது தோட்டத்து வரிசைக் குடியிருப்பில் கூட வாழ்ந்தவர்கள், உட்கார்ந்திருக்கிறார்கள். நான் எங்காவது தப்பாகச் சொன்னால் நடுவிலேயே எழுந்து திருத்துங்கள்.

வாசலில் ஒரு தம்பி கேட்டான்: "ஐயா, மலை மேலே கடல் படங்களை எதுக்கு மாட்டியிருக்கீங்க?" நியாயமான கேள்வி. சுவரில் இருப்பதெல்லாம் மண்டபம், பாம்பன், தனுஷ்கோடி, தலைமன்னார், களுத்துறை. இந்த அரங்கில் இருப்பவர்களில் பாதிப் பேருடைய தாத்தா பாட்டிகள் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன வழியும் வந்த வழியும் இதுதான். அவர்கள் போனபோது இலங்கையைக் கண்டிச் சீமை என்றார்கள். திரும்பி வந்தபோது நம்மைச் சிலோன்காரர் என்றார்கள். இரண்டுக்கும் நடுவில் இந்தக் கடல் இருக்கிறது.

முதலில் பழைய படங்களை எப்படி எடுத்தார்கள் என்று கொஞ்சம் சொல்கிறேன். அது தெரியாமல் பார்த்தால் படம் நம்மை ஏமாற்றிவிடும். 1860, 70களில் பிலிம் கிடையாது. கண்ணாடித் தட்டு. அதன் மேல் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தை ஊற்றிப் பரப்பி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, அந்த ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, காய்வதற்குள் கழுவியும் முடிக்க வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் எல்லாம் நடந்தாக வேண்டும். கடற்கரை வெயிலில் அவ்வளவு நேரம்கூடக் கிடைக்காது. அதனால் போட்டோக்காரர் போகுமிடமெல்லாம் ஓர் இருட்டுக் கூடாரமும் கூடவே போகும். பல நொடிகள் லென்ஸைத் திறந்து வைத்திருப்பார்கள். அத்தனை நொடியும் அலை நிற்குமா? அதனால்தான் அந்தக் காலப் படங்களில் கடல் வெறும் மூட்டமாகத் தெரிகிறது, நம் கோடநாடு முனையில் பள்ளத்தாக்கை மேகம் மூடுகிற மாதிரி.

மனிதர்களுக்கும் அதே கதிதான். நின்றவன் படத்தில் விழுந்தான். நடந்தவன் ஒரு தீற்றலாகப் போனான், அல்லது விழவே இல்லை. சென்னையில் துறைமுகம் கட்டுவதற்கு முன்னால், கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள்தான் ஆளையும் மூட்டையையும் அலை தாண்டிக் கரைக்குக் கொண்டுவரும். அந்தக் கரையின் பழைய படங்களைப் பார்த்தால் ஆளே இல்லாத ஊர் போல இருக்கும். அங்கே கூட்டத்துக்குக் குறைவே இருந்திருக்காது. மூட்டை தூக்கியவன் நிற்கவில்லை, அதனால் அவன் விழவில்லை, அவ்வளவுதான். தொழிலாளி படத்துக்குள் வரவேண்டுமானால் யாராவது அவனை "நில்லு" என்று சொல்லியிருக்க வேண்டும். பழைய படத்தில் கூலியாள் ஒருவரைப் பார்க்கும்போதெல்லாம், சொன்னது யார் என்றுதான் நான் முதலில் தேடுவேன்.

இந்த மலைக்கும் அந்தக் கடலுக்கும் அப்போதே ஓர் உறவு இருந்தது. நிக்கலஸ் கம்பெனி என்ற படக்கடை சென்னையிலும் ஊட்டியிலும் நடந்தது. சமவெளியிலும் படம் எடுத்தார்கள், இங்கே தோடர் பழங்குடியின் மந்துகளையும், அதாவது அவர்களுடைய குடியிருப்புகளையும், எடுத்தார்கள். துரைமார் இரண்டையும் வாங்கி ஒரே ஆல்பத்தில் ஒட்டினார்கள். ஒரு பக்கம் படகோட்டிகள், அடுத்த பக்கம் தோடர்கள். அவர்களிடம் வேலை பார்த்த பென் என்பவர் பிறகு ஊட்டியில் தனியாகவே ஸ்டூடியோ வைத்தார். தோடரையும் கோத்தரையும் எத்தனையோ பேர் படம் எடுத்துப் போயிருக்கிறார்கள். பெரும்பாலும் கீழே இனத்தின் பெயர்தான் இருக்கும், ஆளின் பெயர் இருக்காது. இங்கே வந்திருக்கும் கோத்தர் அண்ணன்மாருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சரி, களுத்துறைக்கு வருகிறேன். கொழும்புக்குத் தெற்கே இருக்கும் கடற்கரை ஊர். ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற அம்மாள் 1875ல் கணவரோடு இங்கிலாந்திலிருந்து இலங்கைக்குக் குடிவந்தார். கல்கத்தாவில் பிறந்தவர். ஐம்பது வயதை நெருங்கும்போதுதான் கேமரா கையில் கிடைத்தது. டார்வினையும் டென்னிசனையும் வானியலாளர் ஹெர்ஷலையும் அவர் எடுத்த படங்களைத்தான் உலகம் இன்றைக்கும் பார்க்கிறது. அந்தக் கை இலங்கைக்கு வந்த பிறகு எடுத்ததில் முப்பதுக்கும் குறைவான படங்களே மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் பலவற்றில் இருப்பது உள்ளூர் உழைப்பாளிகள். தமிழ் முகங்களும் உண்டு.

அந்த முகங்களை நான் மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அந்த அம்மாளுக்கு மனிதர்களைப் பிடித்திருந்தது என்பது படத்திலேயே தெரிகிறது. கிட்டத்தில் போய், டார்வினைப் பார்த்த அதே கண்ணோடு பார்த்திருக்கிறார். ஆனால் டார்வின் படத்துக்குக் கீழே டார்வின் என்று இருக்கிறது. களுத்துறைப் படத்துக்குக் கீழே 'களுத்துறைக் குடியானவர்கள்' என்றுதான் இருக்கிறது, ஆளின் பெயர் இல்லை. மூன்று பேர் நிற்கிறார்கள், மூன்று பேருக்கும் ஊர்ப் பேர்தான் பேர். 1879ல் அவர் டிக்கோயாப் பக்கம் மலைத்தோட்டத்தில் காலமானார். போகவந்தலாவையில் ஒரு சின்னத் தேவாலயத்து வளாகத்தில் கல்லறை இருக்கிறது. எங்கள் பாட்டி கொழுந்து பறித்த மலை அதற்குப் பக்கத்துத் தோட்டம். பாட்டி அந்தத் தேவாலயத்தை எத்தனை தடவை கடந்து போயிருப்பார்!

அப்புறம் வந்தவை கடைப் படங்கள். ஸ்கீன், ஸ்கோவன், பிளாட்டே என்று கொழும்பிலும் கண்டியிலும் கடைகள். கப்பலில் வருகிற வெள்ளைக்காரர்கள் வாங்கிப் போக அஞ்சலட்டைகள். 'கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்', 'தமிழ்க் கூலி' என்று அடியில் அச்சிட்டிருக்கும். சிலவற்றைத் திரைக்கு முன்னால் நிற்கவைத்து எடுத்திருக்கிறார்கள். நம் வீட்டுப் பெண்கள் பார்த்தால் ஒரு நொடியில் சொல்லிவிடுவார்கள்: கூடை புதுசு, இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கு இல்லை, புடவை மடிப்புக்கூடக் கலையவில்லை, இது மலைக்குப் போன பெண் இல்லை. ஆனாலும் அந்தப் படங்களை நான் தள்ளிவைக்க மாட்டேன். காதில் தொங்கும் தண்டட்டி பொய் சொல்லாது. கோட்டுப் போட்டு நிற்கிற, ஆட்களை மேய்க்கும் கங்காணிக்கும் வெறுங்காலோடு நிற்கிற ஆளுக்கும் நடுவில் விட்டிருக்கும் இடைவெளியும் பொய் சொல்லாது.

இப்போது தனுஷ்கோடி. பாம்பன் பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறந்தது. அதற்கு முன் கொழும்புக்குப் போகும் ரயில் பயணி தூத்துக்குடியில் கப்பலேறினார். பாலம் வந்ததும் ரயில் தனுஷ்கோடி முனை வரைக்கும் போனது. இறங்கி நாலெட்டு வைத்தால் கப்பல். அக்கரையில் தலைமன்னாரில் இன்னொரு ரயில். அந்தத் துறையின் படங்களில் ரயில் பெட்டியும் கப்பல் புகைபோக்கியும் ஒரே சட்டத்துக்குள் இருக்கும். முதலில் ஓடிய கப்பல்கள் மூன்றுக்கும் கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று வைஸ்ராய்மார் பெயர். பிறகு வந்தவை இர்வின், கோஷன். கப்பலுக்கெல்லாம் பெயர் எழுதியிருந்தது. அதில் ஏறியவர்களுக்கு மண்டபம் முகாமில் பதிவேட்டில் ஒரு வரி. அந்த முகாமை நடத்தியது இலங்கை அரசு. காலரா, அம்மை இருக்கிறதா என்று பார்த்து, தோட்டத்துக்குப் போகிறவர்களைச் சில நாள் அடைத்து வைத்துத்தான் கப்பலேற்றினார்கள்.

1964ஐப் பற்றிச் சொல்லும்போது எனக்கு எப்போதும் குரல் கொஞ்சம் கம்மும், மன்னியுங்கள். அந்த வருஷம் அக்டோபர் 30 அன்று, இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழரைப் பற்றி, இரு நாட்டுப் பிரதமர்களின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேருக்கு இலங்கைக் குடியுரிமை, மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வது என்று பங்கு பிரித்தார்கள். அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் 22 இரவு புயல் வந்தது. தனுஷ்கோடி போனது. ரயில் ஒன்று பயணிகளோடு கடலுக்குள் போனது. பாம்பன் பாலத்தின் பெரும்பகுதி இடிந்து விழுந்தது. பாலத்தை நாற்பத்தாறு நாளில் சரிசெய்தார்கள், தனுஷ்கோடிக்கு மட்டும் ரயில் திரும்பவில்லை. அதாவது, ஐந்தேகால் லட்சம் பேர் வரவேண்டிய வாசல், அவர்கள் புறப்படும் முன்பே தண்ணீருக்குள் போய்விட்டது. தாத்தா எந்தத் துறையில் கப்பலேறிப் போனாரோ, அந்தத் துறைக்கு அவர் பேரப்பிள்ளைகள் வந்து இறங்க முடியவில்லை. ராமேஸ்வரத்தில்தான் இறங்கினோம். இன்றைக்கு தனுஷ்கோடிக்குப் போகிறவர்கள் இடிந்த தேவாலயத்துக்கு முன்னால் நின்று செல்பி எடுக்கிறார்கள். எடுக்கட்டும். பழைய துறையின் படத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டு எடுத்தால் நல்லது.

நாங்கள் 1974ல் வந்தோம். எனக்கு ஒன்பது வயது. ராமானுஜம் கப்பல். புறப்படுவதற்கு முந்தின நாள் அப்பா பக்கத்து ஊரான அட்டனிலிருந்து ஒரு போட்டோக்காரரைக் கூட்டிவந்தார். லயத்து வாசலில் எல்லோரையும் நிறுத்தி ஒரே ஒரு படம். ஒன்றுக்கு மேல் எடுக்கக் காசு இல்லை. இந்தத் தடவை "நில்லு" என்று சொன்னது எங்கள் அப்பா.

அந்தப் படம் ஒரு காரியம் செய்தது. இங்கே வந்த பிறகு ஓர் அலுவலகத்தில் எங்கள் குடும்ப அட்டையில் என் தங்கையின் பெயரை விட்டுவிட்டார்கள். பெயர் இல்லையென்றால் அரிசி இல்லை. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தப் படத்தை மேஜை மேல் வைத்து, தன் இடுப்பில் இருக்கும் குழந்தையை விரலால் தொட்டுக்காட்டி, "இது யாரு, சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே நின்றார். மூன்று தடவை நடந்த பிறகு பெயரைச் சேர்த்தார்கள். வனத்துறை 1968ல் தொடங்கி, 1976ல் டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமாக மாறிய தோட்டத்தில் அம்மா ஓய்வு பெறும்வரை கொழுந்து பறித்தார். அந்தப் படத்தை மட்டும் கடைசிவரை தலையணைக்குக் கீழே வைத்திருந்தார்.

உங்கள் வீடுகளிலும் இப்படி ஒன்றாவது இருக்கும். தகரப் பெட்டியில், சாமி படத்துக்குப் பின்னால், பழைய பாஸ்போர்ட்டுக்குள். தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். கெட்டியாக இருக்கும் என்று கடையில் சொல்வார்கள், ஆனால் அதை மறுபடி பிரிக்க முடியாது. பசை ஒட்டும் ஆல்பமும் வேண்டாம். நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும், அதனால் அடுப்படிச் சுவரிலும் வெளிச்சுவரிலும் மாட்டாமல், காகித உறையில் போட்டு ஈரமில்லாத அலமாரியில் வையுங்கள். பின்பக்கம் பெயர் எழுதுவதானால் பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வந்துவிடும். மென்மையான பென்சிலால், ஓரமாக, அழுத்தாமல் எழுதுங்கள். யார், எந்தத் தோட்டம், எந்த வருஷம், எந்தக் கப்பல் என்று தெரிந்தவரைக்கும் எழுதுங்கள். இன்றைக்கு எண்பது வயதில் இருப்பவர்களிடம் இந்த மாதமே கேளுங்கள். நான் அம்மாவிடம் கேட்பதைத் தள்ளிப்போட்டுவிட்டேன்.

வாசல் பக்கம் மேஜையில் ஸ்கேனர் வைத்திருக்கிறோம், இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். படத்தை யாரும் வாங்கி வைத்துக்கொள்ள மாட்டார்கள், பத்து நிமிடத்தில் உங்கள் கையிலேயே திருப்பித் தந்துவிடுவார்கள்.

கடைசியாக இதோ, எங்கள் வீட்டுப் படம். திரையில் பெரிதாகப் போட்டிருக்கிறேன். எட்டுப் பேர் நிற்கிறோம். ஏழு பேரின் பெயர் பின்னால் எழுதியாகிவிட்டது. இடது ஓரத்தில், கையில் பனியனைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறானே ஒரு பையன், பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும், அவன் எங்கள் வீட்டுப் பிள்ளை இல்லை. பக்கத்து லயத்திலிருந்து ஓடிவந்து நின்றிருக்கலாம். அதே கப்பலில் வந்தவனாகவும் இருக்கலாம். முன்வரிசைப் பெரியவர்கள் கொஞ்சம் கிட்டே வந்து பாருங்கள். விளக்கை அணைக்கச் சொல்கிறேன்.