உங்க காக் ஏன் கோட்டைத் தாண்டுது? வடசென்னை வெயிலும் ஷட்டில் வேக எண்ணும்

(திரையில்: காக் டப்பாவின் மூடி, எண் தெரியும்படி)

வணக்கம். பேட்மின்டன் ஆடுற இறகு காக், அதாவது ஷட்டில், வர்ற டப்பா மூடியில 75, 76, 77, 78னு ஒரு எண் இருக்கும். இது கிரெயின்ங்கிற சின்ன அளவுல சொல்ற எடை. 77 கிரெயின்னா ஏறக்குறைய 5 கிராம். சில கம்பெனிகள் இதையே 1, 2, 3னு போடுவாங்க. எப்படிப் போட்டாலும் எண் ஏற ஏற காக் தூரம் போகும். பக்கத்துப் பக்கத்து எண்ணுக்கு நடுவுல தோராயமா 30 செ.மீ. வித்தியாசம்.

உலக சாம்பியன்ஷிப் பார்த்துட்டு, “அவங்க ஆடுற மாதிரியே வேணும்”னு பெரம்பூர்லயும் கொளத்தூர்லயும் 77 வாங்குறவங்க நிறைய. அங்கதான் தப்பு ஆரம்பிக்குது. டிவியில பார்க்கிறது ஏசி போட்ட அரங்கம். நம்ம ஏரியாவுல பெரும்பாலும் ஷீட் கூரை. மே மாசம் மத்தியானம் உள்ளே 35 டிகிரிக்கு மேல சாதாரணமா போகும்.

(திரையில்: 25 டிகிரி, 35 டிகிரி, இரண்டு பறக்கும் பாதைகள்)

காத்து சூடானா அடர்த்தி குறையும். 25 டிகிரியிலேருந்து 35 டிகிரிக்குப் போனா சுமார் 3 சதவீதம் குறையுது. காக்கோட வேகத்தைக் குறைக்கிறதே காத்தோட தடைதான். அது குறைஞ்சா, கோர்ட்டோட இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடிக்கு அடிக்கிற அடி ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவா கூடப் போகும். கிட்டத்தட்ட ஒரு எண் வித்தியாசம்.

கடலோர ஈரப்பதமும் அதே பக்கம்தான் தள்ளுது. ஈரக் காத்து கனம்னு நமக்குத் தோணும். ஆனா நீராவி வறண்ட காத்தை விட லேசு. திறந்து வெச்ச டப்பாவுல இறகு ஈரத்தை இழுத்துக் காக்கோட எடையும் கொஞ்சம் ஏறும். அதனால தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் ஏப்ரல், மே, ஜூன்ல 75 இல்லன்னா 76. டிசம்பர், ஜனவரி காலையில மட்டும் 77 சரியா வரலாம்.

வாங்கினதும் சோதிச்சுப் பாருங்க. பின்கோட்டுல நின்னு, கீழேயிருந்து மேல்நோக்கி முழு வீச்சுல, பக்கக் கோட்டுக்கு இணையா அடிக்கணும். எதிர்ப் பக்கப் பின்கோட்டுக்கு 53 செ.மீ.லேருந்து 99 செ.மீ. முன்னாடி விழுந்தா சரியான வேகம். இதுக்கு டேப் தேவையே இல்ல. டபுள்ஸ் சர்வீஸோட பின்கோடு, கோர்ட்டோட பின்கோட்டுக்கு 76 செ.மீ. முன்னாடி இருக்கு, அதாவது இந்த அளவுக்குச் சரியா நடுவுல. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் ஒரு சாண், அவ்வளவுதான் இடம். ஒரே ஆள் அடிச்சுப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. கை பலம் மாறும், ரெண்டு மூணு பேர் அடிக்கட்டும்.

(திரையில்: இறகு நுனியை மடிக்கும் விரல்கள், நெருக்கத்தில்)

வேகம் கூடுதலா இருந்தா 16 இறகுகள்ல ஒண்ணு விட்டு ஒண்ணா நுனியை வெளிப்பக்கம் மடிப்பாங்க. காக் மெதுவாகும். பயிற்சிக்குப் பரவாயில்ல, ஆனா ஆளுக்கு ஆள் மடிப்பு மாறினா காக் பறக்கும்போது தள்ளாடும். போட்டியில இப்படி வேகத்தை மாத்துறது விதிப்படி தப்பு.

தப்பான எண்ணுல ஆடினா என்ன ஆகும்? பாயின்ட் போறது சின்ன விஷயம். எல்லா அடியும் வெளியே போறதால பசங்க கையைப் பாதியில நிறுத்திப் பழகிடுறாங்க. அப்புறம் மாவட்டப் போட்டிக்கு ஏசி அரங்கத்துக்குப் போனா, அவங்க கிளியர் (பின்கோடு வரைக்கும் உயரமா அடிக்கிற அடி) நடு கோர்ட்லயே விழுது, எதிராளி ஸ்மாஷ் அடிச்சு முடிக்கிறார். இதனால ஒரு நல்ல பையனோட ஸ்விங் கெடுறதுதான் என் பெரிய கவலை. ஏன்னா நம்ம பக்கத்துப் பசங்க இப்ப உலக மேடை வரைக்கும் போறாங்க. திருவள்ளூர் மனிஷா ராமதாஸ் 2024 பாரிஸ் பாராலிம்பிக்ஸ்ல வெண்கலம் வாங்கினார். சென்னையோட சங்கர் முத்துசாமி 2022 ஜூனியர் உலக சாம்பியன்ஷிப்ல வெள்ளி எடுத்தார். உலக சாம்பியன்ஷிப்பும் 2009 ஹைதராபாத்துக்கு அப்புறம் 2026-க்கு புதுதில்லிக்குக் கொடுக்கப்பட்டிருக்கு.

அந்த ஆட்டங்களைப் பார்க்கும்போது காத்துப் போக்கையும் கவனிங்க. ஏசி காத்து ஒரு பக்கமா தள்ளும். டாஸ் ஜெயிச்சவர் சர்வீஸை விட்டுட்டுப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தா காரணம் பெரும்பாலும் அதுதான். ஒவ்வொரு கேம் முடிஞ்சும், மூணாவது கேம்ல 11 பாயின்ட்லயும் பக்கம் மாறுவாங்க. 2019-ல பாசெல்ல நடந்த உலக சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியில பி.வி.சிந்து ஜப்பானோட ஒகுஹாராவை 21-7, 21-7னு ஜெயிச்சார். ரெண்டு பக்கமும் அதே 7. அன்னிக்கு எந்தக் காத்தும் அவரைத் தொடல.

(திரையில்: பச்சை, நீலம், சிவப்புப் பட்டை போட்ட நைலான் காக்குகள்)

காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் வெளியில ஆடுறவங்களுக்கு நைலான் காக் போதும், இறகு வீண் செலவு. பச்சைப் பட்டை மெது, நீலம் நடுத்தரம், சிவப்பு வேகம். நமக்குப் பச்சை. கோடையில கடல்காத்து பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேலதான் எழும்பும், அதனால காலையிலேயே ஆடி முடிச்சுடுங்க. கோர்ட்டை வடக்கு தெற்கா போட்டா காலை வெயில் யாரோட கண்ணுலயும் நேரா அடிக்காது.