அந்தப் புதிய மாணவரைப் பாருங்கள்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

ஆராய்ச்சிக்கோ வேலைக்கோ கொரியா கிளம்பும் நம் பிள்ளைகள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அங்கே போய் டேக்வாண்டோ கத்துக்கணும்னு ஆசை, எந்த இடத்துல சேரலாம்?" தேகு நகரில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது நான் டேக்வாண்டோவும், மூட்டைப் பூட்டியும் தூக்கிப் போட்டும் தற்காத்துக்கொள்ளும் ஹாப்கிடோ என்ற கொரியக் கலையும் பயின்றேன். இன்றும் விடாமல் பயிற்சி செய்கிறேன். அதனால்தான் என்னிடம் கேட்கிறார்கள். நான் எந்தப் பள்ளியின் பெயரையும் சொல்வதில்லை. பணம் கட்டுவதற்கு முன் ஒரு முழு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள் என்று மட்டும் சொல்வேன். பார்க்கும்போது கறுப்பு பெல்ட் கட்டியவர்களைப் பார்க்காதீர்கள். அங்கே இருப்பவர்களில் ஆகப் புதியவர் யாரோ, அவர் மேலேயே கண்ணை வையுங்கள்.

கொரியாவில் தோஜாங்குக்குப் பஞ்சமில்லை. பயிற்சிக்கூடத்தை அங்கே தோஜாங் என்றுதான் சொல்வார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பு இருக்கிற பக்கமெல்லாம், கீழே மருந்துக்கடை, அதற்கு மேலே பியானோ வகுப்பு, அதற்கும் மேலே டேக்வாண்டோ என்று ஒரு கட்டடமாவது இருக்கும். பிற்பகலில் தோஜாங்கின் மஞ்சள் வேன் பள்ளி வாசலுக்கே வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். அப்பா அம்மா வேலையிலிருந்து திரும்பும்வரை பிள்ளைகள் பத்திரமாக இருக்கும் இடமும் அதுதான். ஆகவே உதை, குத்து தவிர, கயிறு தாண்டுவது, ஓடிப்பிடிப்பது என்று விளையாட்டும் நிறைய இருக்கும். 7 வயதுப் பிள்ளைக்கு அதுவே சரியான பாடம். ஆனால் 25 வயதில் போய்ச் சேருகிறவருக்கு அது போதாது. "சொங்இன்பு இருக்கிறதா?" என்று கேளுங்கள். பெரியவர்களுக்கான வகுப்பு அது. பெரும்பாலும் இரவில்தான் நடக்கும், பல இடங்களில் இருக்கவே இருக்காது. இல்லையென்றால், நீங்கள் படிக்கும் பல்கலைக்கழகத்தில் மாணவர் சங்கம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். கட்டணம் குறைவு, உங்கள் வயதுக்காரர்கள் கூட இருப்பார்கள், கொரிய மொழியும் தானாக நாக்கில் ஏறும்.

டேக்வாண்டோவைப் பொறுத்தவரை ஒரு வசதி உண்டு. சியோலில் காங்னாம் பகுதியில் 1972-ல் திறக்கப்பட்ட குக்கிவோன் என்ற தலைமையகம் உலகம் முழுக்க, டான் என்ற கறுப்பு பெல்ட் நிலைகளுக்குச் சான்றிதழ் கொடுக்கிறது. ஒவ்வொரு சான்றிதழுக்கும் எண் உண்டு, அந்த எண்ணை குக்கிவோனிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். முதல் டானிலிருந்து இரண்டாவதற்குப் போகக் குறைந்தது 1 ஆண்டு, அங்கிருந்து மூன்றாவதற்கு 2 ஆண்டு, நான்காவதற்கு 3 ஆண்டு என்று இடைவெளி வைத்திருக்கிறார்கள். அதாவது முதல் டான் வாங்கியபின் நான்காம் டானைத் தொட 6 ஆண்டாவது ஆகும். 15 வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு டான் கிடையாது, பூம் என்று தனி நிலை. அவர்கள் கட்டுவது பாதி சிவப்பு, பாதி கறுப்பு பெல்ட். கொரியாவில் ஒரு பிள்ளை ஏறக்குறைய ஒரு வருடத்தில் முதல் பூம் வாங்கிவிடுவது சாதாரணம். இனிமேல்தான் பாடமே ஆரம்பம் என்பதுதான் அங்கே அதற்கு அர்த்தம். இத்தனை மாதத்தில் கறுப்பு பெல்ட் உறுதி என்று சொல்லி மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கேட்கிற இடத்தில் மட்டும் தயவுசெய்து சேராதீர்கள்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். டேக்வாண்டோ என்ற ஒரே பெயரில் இரண்டு பெரிய மரபுகள் இருக்கின்றன. ஒலிம்பிக்கில் நாம் பார்ப்பது ஒன்று. மார்புக்கவசம் அணிந்து, பெரும்பாலும் காலால் ஆடுவது, முகத்தில் குத்தக் கூடாது. மற்றது ஜெனரல் சோய் ஹோங் ஹி 1966-ல் தொடங்கிய ஐடிஎஃப், அதாவது சர்வதேச டேக்வாண்டோ கூட்டமைப்பின் வழி. அதில் முகத்துக்குக் கையும் வரும், தடுப்பும் அடியும் வரிசையாகக் கோத்துத் தனியாகச் செய்யும் வடிவங்கள் 24 உண்டு. 2002-ல் அவர் காலமான பிறகு அதே பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்புகள் இயங்குகின்றன. எது உயர்வு என்று நான் வாதாட மாட்டேன். எதில் சேருகிறோம் என்று தெரிந்து சேர வேண்டும், அவ்வளவுதான்.

ஹாப்கிடோவுக்கு குக்கிவோன் போல ஒரே தலைமையகம் இல்லை. சங்கங்கள் பல, ஒவ்வொன்றும் தனித்தனியே சான்றிதழ் தருகிறது. அங்கே நீங்கள் விசாரிக்க வேண்டியது, மாஸ்டருக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார் என்பதை. கூடவே, இந்தக் கலை எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள். எந்தக் கொரியக் கலையானாலும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம். பதிலிலிருந்து ஆளைப் பற்றி நிறையத் தெரிந்துவிடும்.

பல தோஜாங் சுவர்களில் இரண்டாயிரம் ஆண்டு வரலாறு என்று எழுதியிருக்கும். நடந்தது வேறு. 1944-ல் சியோலில் சுங் டோ குவான் பள்ளியைத் தொடங்கிய லீ வோன்-குக், ஜப்பானில் படிக்கும்போது கராத்தே கற்றவர். அது போன்ற பள்ளிகளிலிருந்துதான் டேக்வாண்டோ உருவானது, அந்தப் பெயரே 1955-ல்தான் வந்தது. ஹாப்கிடோவின் மூலவர் சோய் யோங்-சூல், பல ஆண்டுகள் ஜப்பானில் வாழ்ந்துவிட்டு, இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் தேகுவில் குடியேறியவர். டைட்டோ-ரியூ ஜூஜுட்சு என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலையின் பெரிய ஆசான் தக்கேதா சோகாகுவிடம் கற்றதாக அவர் சொன்னார், ஆனால் தக்கேதாவின் மாணவர் பதிவேடுகளில் அவர் பெயர் கிடைக்கவில்லை. 1948-ல் தேகுவில் ஒரு மதுவடிப்பு ஆலையில் நடந்த தகராறில், தன்னைச் சூழ்ந்தவர்களை அவர் ஒவ்வொருவராகச் சமாளித்ததை ஆலை உரிமையாளரின் மகன் சோ போக்-சோப் பார்த்தார். அவரே சோயின் முதல் மாணவரும் ஆனார். உண்மையாகவே பழைய கலை வேண்டுமென்றால் தேக்கியோன் இருக்கிறது. 1893-ல் பிறந்த சோங் தோக்-கி என்ற முதியவர் அதைக் காப்பாற்றிக் கொடுத்தார். 1983-ல் கொரிய அரசு அதைப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது, 2011-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது.

ஜப்பானிய ஆட்சியில் கொரிய மக்கள் பட்ட பாட்டை நினைத்தால், தன் கலைக்கு ஜப்பானிய வேரும் உண்டு என்று ஒரு கொரிய மாஸ்டர் வாய்விட்டுச் சொல்வது லேசான காரியமில்லை. தேகுவில் எனக்கு ஹாப்கிடோ சொல்லிக்கொடுத்தவர் முதல் வாரத்திலேயே அதைச் சொன்னார். இந்த விஷயத்தில் உள்ளதை உள்ளபடி சொல்கிறவர், உங்களிடம் இருக்கிற குறையையும், பெல்ட் தேர்வுக்கு நீங்கள் தயாரா இல்லையா என்பதையும் அப்படியே சொல்வார் என்பது என் அனுபவம்.

சரி, இப்போது அந்தப் புதிய மாணவருக்கு வருவோம். ஹாப்கிடோ வகுப்பென்றால், அவருக்கு முதலில் விழக் கற்றுத்தருகிறார்களா என்று பாருங்கள். நக்போப் என்பார்கள். பின்பக்கமாக விழும்போது மோவாயை மார்போடு ஒட்டி, தலை தரையில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மூச்சை வெளியே விட வேண்டும். இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து சற்று விலக்கி, முன்னங்கையும் உள்ளங்கையும் ஒரே நேரத்தில் மெத்தையில் பளாரென்று படும்படி அடிக்க வேண்டும். பயந்துபோய்க் கையைப் பின்னால் ஊன்றினால் மணிக்கட்டோ முழங்கையோ போய்விடும். நல்ல மாஸ்டர் முதலில் படுத்த நிலையிலேயே கையை அடிக்கச் சொல்வார், அப்புறம் உட்கார்ந்த நிலையிலிருந்து, பிறகு குந்திய நிலையிலிருந்து, கடைசியில்தான் நின்ற நிலையிலிருந்து. இதற்கே வாரக்கணக்கில் ஆகும். இந்தப் பொறுமை இல்லாமல் முதல் நாளே மணிக்கட்டை முறுக்கித் தூக்கிப் போடுகிற இடம் என்றால், செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

மணிக்கட்டுப் பூட்டுப் பழகும்போது, வலிக்கிறது என்று ஒருவர் தட்டினால் எதிராளி அந்தக் கணமே விட வேண்டும். விடத் தாமதித்தவர் மூத்த மாணவராக இருந்தால் மாஸ்டர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். சிரித்துக் கடந்துபோகிற இடத்தில் உங்கள் மூட்டு பத்திரமாக இருக்காது.

டேக்வாண்டோ வகுப்பில் அந்தப் புதியவரின் நிற்கிற காலைப் பாருங்கள். தோல்யோ சாகி என்ற சுற்று உதையில் எல்லாருடைய கண்ணும் உதைக்கிற கால் எவ்வளவு உயரம் போகிறது என்பதிலேயே இருக்கும். முழங்காலைக் காப்பாற்றுவதோ கீழே இருக்கிற கால்தான். இடுப்பு திரும்பும்போது அந்தப் பாதமும் முன்பாதத்தின் மேல் சுழன்று, குதிகால் இலக்கின் பக்கம் வந்துவிட வேண்டும். வெறுங்கால் மெத்தையில் ஒட்டிக்கொண்டு நிற்க, உடம்பு மட்டும் திரும்பினால், அந்த முறுக்கு முழுவதும் முழங்கால் மூட்டில் இறங்கும். ஒரு நாளில் ஒன்றும் தெரியாது. சில மாதங்களில் படியேறும்போது தெரியும். உதையின் உயரத்தைப் பாராட்டிவிட்டுப் போகாமல், குனிந்து அந்தப் புதியவரின் பாதத்தைத் திருத்துகிற மாஸ்டர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

தலையில் படும் உதையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தலைக்கவசம் வெட்டுக்காயத்தைத் தடுக்கும், மண்டைக்குள் மூளை குலுங்குவதைத் தடுக்காது. தலையில் பலமாக அடிபட்டு ஒருவர் தடுமாறினால் அன்றைக்கு அவருக்குப் பயிற்சி முடிந்தது. தலைவலியோ வாந்தியோ மயக்கமோ வந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி இறங்கு என்று சொல்கிற இடத்துக்கு, அது எத்தனை பதக்கம் வாங்கியிருந்தாலும் சரி, உங்கள் பிள்ளையை அனுப்பாதீர்கள். வளரும் வயதில் முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால், அது சோம்பேறித்தனம் இல்லை. குதித்தும் உதைத்தும் பழகுகிற பிள்ளைகளுக்கு வருகிற வலிதான் அது. ஓய்வு கொடுத்தால் அடங்கும், வலியோடு உதைக்கவிட்டால் நீண்டுகொண்டே போகும்.

சேர்ந்த பிறகு வீட்டில் என்ன செய்வது? டேகுக் வடிவங்கள் எட்டில் முதலாவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பெரும்பாலான அடிகள் நாம் தெருவில் நடக்கிற அளவுக்குத்தான் இருக்கும், உயரமான உதையும் கிடையாது. அதை மிக மெதுவாக, ஒவ்வோர் அடியிலும் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று கவனித்துச் செய்யுங்கள். அகலமாக நின்று மறைத்துவிடலாம் என்ற வாய்ப்பே அதில் இல்லாததால் தடுமாற்றம் உடனே தெரிந்துவிடும். காலை நீட்டி மடக்கும் பயிற்சியை உடம்பு சூடான பிறகு செய்யுங்கள். தூங்கி எழுந்ததும் காலைப் பிளந்து உட்காரப் பார்த்தால் தொடையின் பின்தசை இழுத்துக்கொள்ளும், அது ஆற வாரக்கணக்காகும்.

வகுப்பு பார்க்கப் போகும் நாளில் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போங்கள். காலணியை வாசலிலேயே கழற்றுங்கள். உள்ளே நுழையும்போது கொடியை நோக்கிக் குனிந்து வணங்குவார்கள், நீங்களும் வணங்குங்கள். முயற்சி வகுப்பில் நிற்கச் சொன்னால் நகம் வெட்டியிருக்க வேண்டும், மோதிரம், கயிறு, செயின் எல்லாவற்றையும் கழற்றி வைக்க வேண்டும். பழைய காயம் ஏதாவது இருந்தால் வகுப்பு தொடங்கும் முன்பே மாஸ்டரிடம் சொல்லிவிடுங்கள். கொரிய மொழி வரவில்லை என்றாலும், வலிக்கிற இடத்தைத் தொட்டுக் காட்டினால் போதும். அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டு உங்களுக்கு வேறு பயிற்சி கொடுத்தால், அன்றைக்கே பணம் கட்டிவிடலாம்.

நன்றி, வணக்கம்.