புது செட்டை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது

வணக்கம். சேகரித்து ஆடும் கார்டு விளையாட்டுகளில் ஒரு புது செட் (ஒன்றாக வெளியாகும் புதுக் கார்டுகளின் தொகுப்பு) வரப்போகிறது என்றாலே ஆடுகிறவர்களுக்குக் கை பரபரக்கும். கார்டுப் பட்டியல் முழுதாக வெளியான அன்றைக்கே அபூர்வமாகக் கிடைக்கும் ரேரையும் அதைவிட அபூர்வமான மிதிக்கையும் தேடிப்பிடித்துப் பார்த்து, எது பெரிய டிராகன், எது இறங்கினால் ஆட்டமே முடிந்துவிடும் என்று மணிக்கணக்காகப் பேசுவோம். பேசலாம், அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அந்த செட் எப்படி ஆடும் என்று தெரிய வேண்டுமானால் எளிதாகக் கிடைக்கும் காமன் கார்டுகளைத்தான் முதலில் உட்கார்ந்து படிக்க வேண்டும். நான் அதிகம் ஆடுவது மேஜிக் த கேதரிங், அதனால் உதாரணமெல்லாம் அதிலிருந்தே வரும்.

ஒரு டிராஃப்டை, அதாவது பேக்கைப் பிரித்து ஒரு கார்டை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பக்கத்தவருக்குத் தள்ளி, அப்படிச் சேர்ந்ததில் டெக் (ஆடும் கார்டுக் கட்டு) கட்டி ஆடும் முறையை எடுத்துக் கணக்குப் போடுவோம். எட்டுப் பேர், ஆளுக்கு மூன்று பேக், மொத்தம் 24 பேக். பல வருடங்களாக இருந்த 15 கார்டு பேக்கில் பத்து காமன், மூன்று அன்காமன் (காமனுக்கும் ரேருக்கும் இடைப்பட்டது), ஒரே ஒரு ரேர் அல்லது மிதிக். ஆக அந்த மேஜையில் 240 காமன் புழங்கும்போது ரேரும் மிதிக்கும் சேர்ந்தே 24தான். காமன் சுமார் நூறு வகை என்றால் ஒவ்வொன்றும் சராசரியாக இரண்டு தடவைக்கு மேல் கண்ணில் படும். ரேர் மட்டுமே ஐம்பது வகைக்கு மேல் இருக்கும் செட்டில், நீங்கள் ஆசைப்பட்ட அந்த ஒரு ரேர் பாதி டிராஃப்டில்கூடத் தலைகாட்டாது. 2024 தொடக்கத்தில் பேக் அமைப்பு மாறி 14 கார்டு ஆனது, காமன் குறைந்தது, ஒரே பேக்கில் ஒன்றுக்கு மேல் ரேர் வர வழி வந்தது, அதனால் ரேருக்கு முன்பைவிட மவுசு கூடியிருக்கிறது. சரி, அப்படியே வைத்துக்கொண்டாலும் 40 கார்டு டெக்கில் 17 லேண்ட் (மற்ற கார்டுகளை இறக்கச் செலவாகும் மானா என்ற சக்தியைத் தரும் கார்டு) போக மிச்சமிருக்கும் 23 இடத்தை நிரப்புவது பெரும்பாலும் காமனும் அன்காமனும்தான்.

காமனைப் படித்தால் முதலில் புரிவது வேகம். 2009 அக்டோபரில் வந்த ஜெண்டிகர் செட்டில் ஸ்டெப் லிங்க்ஸ் என்று ஒரு காமன், ஒரு மானாதான். கார்டில் அச்சடித்திருப்பது 0/1, அதாவது அடிக்கும் பலம் 0, அடி தாங்கும் பலமான டஃப்னஸ் 1. இதை யார் எடுப்பார்கள் என்று தோன்றும். ஆனால் நீங்கள் ஒரு லேண்ட் இறக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த டர்ன் முடியும்வரை அதற்கு +2/+2 கிடைக்கும். டர்னுக்கு ஒரு லேண்ட் எப்படியும் இறக்கத்தானே போகிறோம், ஆக இரண்டாம் டர்னிலிருந்தே 2/3 ஆகப் பாயும். எதிராளியின் டர்னில் மறுபடி வெறும் 0/1, தடுத்து நிறுத்த லாயக்கில்லை. லேண்ட் இறக்கினால் பலம் கூடும் இந்த மாதிரி கார்டுகள் அந்த செட்டில் நிறைய, பெரும்பாலும் தன் டர்னில் வலுத்து எதிராளி டர்னில் சுருங்குகிறவை. இதைக் கவனித்தவருக்கு ஒரு பேக்கையும் பிரிக்காமலே தெரிந்திருக்கும், இங்கே தாக்குகிறவன் கைதான் ஓங்கும், ஆறு மானா சேரட்டும் என்று காத்திருப்பவன் பாடு திண்டாட்டம் என்று. அப்படித்தான் ஆனது. மேஜிக்கின் மிக வேகமான டிராஃப்டுகளில் ஒன்றாக ஜெண்டிகரை இன்றும் பேசுகிறார்கள்.

அதே உலகத்தில் நடக்கும் கதையாக 2010 ஏப்ரலில் ரைஸ் ஆஃப் த எல்ட்ராசி வந்தது. அதைத் தனியாகவே டிராஃப்ட் செய்வார்கள், முந்தைய செட்டோடு கலப்பதில்லை. அதில் உலமாக்ஸ் க்ரஷர் என்று ஒரு கார்டு, எட்டு மானா, 8/8, அது தாக்கும்போதெல்லாம் எதிராளி தன் பக்கம் இருப்பதில் இரண்டைப் பலி கொடுக்க வேண்டும், இதுவும் காமன். ஜெண்டிகரில் இருந்திருந்தால் இதை இறக்குவதற்குள் நீங்கள் செத்திருப்பீர்கள். ஆனால் இந்த செட்டின் பச்சைக் காமன்களைப் (மேஜிக்கில் கார்டுகள் நிறவாரியாகப் பிரியும்) புரட்டினால், நெஸ்ட் இன்வேடர் இரண்டு மானாவுக்கு ஒரு 2/2 தந்து, பலி கொடுத்தால் ஒரு மானா தரும் குட்டி டோக்கன் (கார்டாக இல்லாமல் மேஜையில் இறங்கும் உயிரி) ஒன்றையும் கூடவே தரும், கோஸிலெக்ஸ் பிரிடேட்டர் அந்த டோக்கன் இரண்டு தரும். அந்தக் குட்டிகள் முன்னால் நின்று அடியைத் தாங்கும், நேரம் வந்தால் மானாவாகும். எட்டு மானா எட்டாக்கனியாக இருந்தது போய் உண்மையிலேயே எட்டக்கூடியதாகிவிடும். இடையில் ஓர் ஆண்டுகூட ஓடவில்லை, ஒரே விளையாட்டு, ஒரே விதிகள், ஆனால் கார்டின் மதிப்பு தலைகீழ். அதனால்தான் ஒரு கார்டை மட்டும் காட்டி ‘பத்துக்கு எத்தனை மார்க்?’ என்று யாராவது கேட்டால், செட்டைப் படிக்காமல் என்னால் பதில் சொல்ல முடிவதில்லை.

அடுத்து நான் பார்ப்பது, மலிவாகக் கிடைக்கும் அடி எத்தனை, எதிரில் நிற்கும் கிரீச்சர்களின் (சண்டையிடும் உயிரிகளின்) டஃப்னஸ் எத்தனை என்பது. 1993-இல் முதல் செட்டிலேயே வந்த லைட்னிங் போல்ட் ஒரு மானாவுக்கு மூன்று அடி, பிற்பாடு வந்த ஷாக் அதே ஒரு மானாவுக்கு இரண்டு. கேட்டால் ஒரு அடிதான் வித்தியாசம். ஆனால் செட்டில் இரண்டு, மூன்று மானா காமன் கிரீச்சர்களுக்கெல்லாம் டஃப்னஸ் மூன்று என்றால் ஷாக் கையிலேயே கிடந்து வாடும், இரண்டு என்றால் அதுவே தங்கம். பேனாவும் தாளும் எடுத்து டஃப்னஸ் வாரியாகக் கோடு போட்டு எண்ணுங்கள். அரை மணி நேர வேலை, எந்த விமர்சனம் படிப்பதையும்விடப் பலன் அதிகம்.

அப்புறம், குறையோடு வரும் கார்டுகளை இரண்டு தடவை படியுங்கள். 2004-இல் டார்க்ஸ்டீல் செட்டில் வந்த ஸ்கல்கிளாம்ப், மாட்டிய கிரீச்சருக்கு +1/-1 தரும், அது செத்தால் இரண்டு கார்டு எடுக்கலாம். டஃப்னஸ் குறைகிறதே என்று பார்த்தால் தண்டனை மாதிரி இருக்கும். ஆனால் டஃப்னஸ் ஒன்று உள்ள எதற்கு மாட்டினாலும் அது உடனே சாகும், ஒரு மானா செலவில் கையில் இரண்டு கார்டு. உருவாக்கியவர்களே கடைசி நேரத்தில் செய்த மாற்றம் இது, அதன் விபரீதம் அவர்கள் கண்ணிலும் படவில்லை. சில மாதங்களில், அதே ஆண்டு ஜூனில், ஸ்டாண்டர்டில் (சமீபத்திய செட்களை மட்டும் அனுமதிக்கும் ஆட்டவகை) தடை செய்தார்கள். குறை என்று எழுதியிருப்பது யாருக்குக் குறை, எப்போது குறை என்று கேட்காமல் தாண்டிப் போனால் இந்த மாதிரி கார்டு கை நழுவும்.

டிராஃப்ட் செய்யாமல், தாங்களே சேர்த்த கார்டில் 60 கார்டு டெக் கட்டி ஆடுகிறவர்களுக்கு நான் சொன்ன காமன் கணக்கு அவ்வளவாகப் பொருந்தாது. அங்கே வேண்டிய கார்டில் நான்கு பிரதி வரை வாங்கிப் போடலாம், ஆகவே ஒரே ஒரு கார்டு மொத்த ஆட்டத்தையும் கெடுக்க முடியும். 2019 அக்டோபரில் வந்த ஓகோ என்ற கார்டு அடுத்த மாதமே ஸ்டாண்டர்டில் தடையானது.

செட் வெளியாகி சில நாட்களில் ஆடுகிறவர்களின் ஆட்டங்களைத் திரட்டிக் கணக்கெடுக்கும் 17லேண்ட்ஸ் தளத்தில் எண்கள் வர ஆரம்பிக்கும், எந்த கார்டு கைக்கு வந்த ஆட்டங்களில் எத்தனை சதவீதம் ஜெயித்தார்கள் என்று. கட்டாயம் பாருங்கள், கூடவே இரண்டு விஷயத்தை மனதில் வையுங்கள். அங்கே பதிவு செய்கிறவர்கள் பொதுவாகச் சராசரியைவிட நன்றாக ஆடுகிறவர்கள். இன்னொன்று, ஒரு குறிப்பிட்ட டெக்கில் மட்டுமே சேர்க்கப்படும் கார்டு, அந்த டெக் நல்ல டெக் என்பதாலேயே உயரத்தில் தெரியும், அதைக் கண்ட டெக்கில் எல்லாம் திணித்தால் அந்த எண் உங்களுக்குக் கிடைக்காது. முதல் வாரத்தில் பின்தங்கியிருந்த நிறத்தை யாரும் எடுக்காமல் விடுவார்கள், மூன்றாம் வாரத்தில் அதன் நல்ல காமன்கள் பேக்கில் கடைசிவரை சுற்றி வரும், அதை எடுப்பவர் ஜெயிக்கத் தொடங்குவார், எண்ணும் மாறும். அதனால் உங்கள் பட்டியலைப் பென்சிலில் எழுதி, வாரம் ஒரு தடவை எடுத்துத் திருத்துங்கள்.