இரவு ஒன்பதரை மணிக்கு இரண்டு இட்லி

(பாபநாசம் அருகே ஒரு கிராம நூலகத்தில், வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

அவையோர் அனைவருக்கும் வணக்கம். பக்கத்துக் கொள்முதல் நிலையத்தில் நெல் தூற்றுகிறார்கள். தூசி இந்தக் கூடம் வரை வருகிறது. அதனால்தான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என் தம்பியை எழுப்பி, சுவரோரமாகப் போய் உட்காரச் சொன்னேன். அவனைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அவனுடைய சம்மதத்தோடுதான் பேசுகிறேன்.

அவனுக்கு முப்பத்தெட்டு வயதில் மூச்சு வாங்கத் தொடங்கியது. களத்தில் சுணை பட்டால் எல்லோருக்கும் தும்மல் வரும், இவனுக்கு இழுப்பே வந்துவிடும். ஆஸ்துமா என்று ஊசி போட்டார்கள். சளியில் கிருமி இல்லாதபோதும் ஆறு மாதம் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். பிறகு கால் வீங்கியது, வயிறு உப்பியது, கண் மஞ்சளானது. நுரையீரலுக்கு ஒருவர், கல்லீரலுக்கு ஒருவர் என்று இரண்டு மருத்துவர்களிடம் இரண்டு கோப்புகளைச் சுமந்தோம். மூன்றாவதாகப் பார்த்த ஒரு மருத்துவர்தான் இரண்டையும் ஒரே மேசையில் விரித்து வைத்து, "உங்கள் அப்பா அம்மா சொந்தமா?" என்று கேட்டார். ஆமாம். அப்பா தன் அக்காள் மகளைத்தான் மணந்தார். ஓர் இரத்தப் பரிசோதனையில் பெயர் தெரிந்தது: ஆல்பா-1 ஆன்டிட்ரிப்சின் குறைபாடு.

இதை 1963-இல் சுவீடனில் லாரெல், எரிக்சன் என்ற இருவர் கண்டறிந்து எழுதினார்கள். ஐரோப்பிய வம்சாவளியினரிடம்தான் அதிகம், நம் நாட்டில் அரிது. அரிது என்பதாலேயே நம் மருத்துவர்களுக்கு இது சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. நாட்பட்ட மூச்சடைப்பு நோய் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒருமுறையாவது இந்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1997-இலேயே சொல்லிவிட்டது.

நோய் என்ன செய்கிறது என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்குவது எளிது. கொள்முதல் நிலையத்தில் மூட்டை மலைபோல் குவிந்திருக்கிறது, லாரி வரவில்லை. மழை பெய்து நெல் அடுக்கிலேயே முளைத்து நாறுகிறது. அதே நாளில் ரேஷன் கடையில் அரிசி இல்லை. இந்த உடம்பில் நடப்பதும் அதுதான். கல்லீரல் ஆல்பா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற ஒரு புரதத்தைச் செய்கிறது. மரபணுவில் ஓர் எழுத்து பிசகியதால் அந்தப் புரதம் கோணலாக மடிந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, கல்லீரல் செல்லுக்குள்ளேயே தேங்கிவிடுகிறது. தேங்கிய இடம் தழும்பேறுகிறது. நுரையீரலுக்குப் போய்ச் சேர்வது பத்தில் ஒரு பங்குதான். கிருமியோடு சண்டையிட வரும் வெள்ளை அணுக்கள் எலாஸ்டேஸ் என்ற நொதியைக் கக்குகின்றன. அந்த நொதி நம் காற்றுப்பைகளையே அரித்துவிடாமல் தடுப்பது இந்தப் புரதம். அது இல்லாவிட்டால் காற்றுப்பைகள் கிழிந்துகொண்டே போகும்.

அந்தப் புரதத்தை எந்த உணவாலும் வரவழைக்க முடியாது. கீழாநெல்லியாலும் முடியாது. தானம் பெற்ற இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்து வாராவாரம் நரம்பில் ஏற்றும் சிகிச்சை சில நாடுகளில் இருக்கிறது. அது நுரையீரலுக்கு மட்டும்தான் உதவும், விலையும் நமக்கு எட்டாது. அப்படியானால் உணவைப் பற்றி ஏன் பேச வேண்டும்? உணவில் நாங்கள் செய்த தவறு என் தம்பியைக் கிட்டத்தட்டக் கொன்றுவிட்டது. அதனால்தான்.

காமாலை என்றதும் அம்மா பத்தியம் வைத்தார். நாற்பது நாள் மோர்சாதம். பருப்பு கிடையாது, முட்டை கிடையாது, ராத்திரிக்குக் கஞ்சித் தண்ணீர். அன்பினால்தான் செய்தார். நாற்பதாம் நாள் அவன் கையைத் தூக்கியபோது கைக்கடிகாரம் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வழுக்கிக்கொண்டு போனதை என் கண்ணால் பார்த்தேன். சுருங்கிய கல்லீரலால் இரவுக்கு வேண்டிய சர்க்கரையைச் சேமித்து வைக்க முடியாது. ஆறரை மணிக்குக் கஞ்சி குடித்துவிட்டுக் காலை எட்டு மணி வரை வயிறு காய்ந்தால், உடம்பு தன் தசையையே எரித்துக்கொள்ளும். மூச்சை இழுப்பதும் தசைதானே!

உணவியல் ஆலோசகர் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார்: அறுபது கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு எழுபதிலிருந்து தொண்ணூறு கிராம் வரை புரதம் வேண்டும். அன்றிலிருந்து பருப்பும் சுண்டலும் முட்டையும் குழம்பில் கெண்டை மீனும் திரும்ப வந்தன. ஒரேயடியாக உண்டால் நிறைந்த வயிறு மூச்சை அழுத்தும், ஆகவே ஐந்தாறு வேளையாகப் பிரித்துக்கொண்டோம். இரவு ஒன்பதரை மணிக்கு இரண்டு இட்லியும் ஒரு டம்ளர் பாலும். அந்த இரண்டு இட்லியை அம்மா இன்றுவரை ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

குறைக்க வேண்டியது உப்புதான். வயிற்றில் நீர் கோத்திருந்தவனுக்கு ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு நான்கும் நின்றன. கருவாட்டுக்கு அவன் பட்ட ஏக்கம் பெரிது. சாராயம் ஒரு சொட்டும் கூடாது. பெயர் தெரியாத காமாலை மருந்தும் பஸ்பமும் கூடாது, கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையும் கூடாது. காபிக்குத் தடையில்லை, சர்க்கரையை மட்டும் குறைத்துக்கொண்டான்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரியது புகை. பீடிப் புகை, இருக்கும் கொஞ்சப் புரதத்தையும் செயலிழக்கச் செய்கிறது. அதே சமயம் வெள்ளை அணுக்களையும் கூட்டம் கூட்டமாக நுரையீரலுக்கு அழைத்து வருகிறது. தம்பி பதினெட்டு வயதிலிருந்து பீடி குடித்தவன். நோயின் பெயர் தெரிந்த அன்று மாலை, கட்டோடு குடமுருட்டி ஆற்றில் எறிந்தான். வீட்டில் விறகடுப்பு போயிற்று. அறுவடை முடிந்து வயலில் தாள் கொளுத்தும் நாட்களில் அவன் என் வீட்டுக்கு வந்துவிடுவான். ஆலை வேலையை விட்டான். அது எளிதான முடிவு அல்ல, வருமானம் பாதியாகிவிட்டது. ஃபுளூ, நிமோனியா, இரண்டு வகைக் கல்லீரல் அழற்சி ஆகியவற்றுக்குத் தடுப்பூசி போட்டோம். காலையில் வாய்க்கால் கரையில் நடக்கிறான். முதல் மாதம் மதகு வரைகூடப் போக முடியவில்லை. இப்போது மதகைத் தாண்டி அரசமரத்தடியில் உட்கார்ந்துவிட்டுத் திரும்புகிறான். கிழிந்த காற்றுப்பை ஒட்டவில்லை, மிச்சமிருப்பதை வைத்துக்கொண்டு நடக்கக் கற்றிருக்கிறான்.

தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என அந்த மரபணுவின் இரண்டு பிரதியும் பழுதாக இருந்தால்தான் இந்தக் கடுமையான நோய். சொந்தத்தில் மணந்தால் அதற்கு வாய்ப்பு கூடுகிறது. இதற்காக யாரும் தங்கள் பெற்றோரைக் குற்றம் சொல்ல வேண்டாம், நானும் சொல்லவில்லை. ஆனால் ஒருவருக்கு இருந்தால் உடன்பிறந்தவர்கள் எல்லோரும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். நான் பார்த்துக்கொண்டேன், எனக்கு ஒரு பிரதி பழுது. தம்பியின் பிள்ளைகள் இருவருக்கும் அவனிடமிருந்து ஒரு பழுதான பிரதி நிச்சயம் வந்திருக்கும். மற்றொன்று எப்படி என்று பார்க்கப் போன வாரம் இரத்தம் கொடுத்தோம். பெரியவனுக்குப் பத்தொன்பது வயது, கல்லூரியில் படிக்கிறான். ஊசி குத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவன், வெளியே வந்ததும் சட்டைப்பையிலிருந்து ஒரு சிகரெட் பெட்டியை எடுத்து, எதுவும் பேசாமல் என்னிடம் கொடுத்துவிட்டான்.